ஊடுபுள்ளிக் கணக்கில் ஒரு யானை

மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்தபோது என் அண்ணன் மகள் கைக்குழந்தையாக இருந்தாள். அவளுக்கு லட்சுமியைத் தெரியாது. வீட்டில் உள்ள போட்டோவிலும் நாங்கள் சொல்லும் கதைகளிலும்தான் பார்த்திருக்கிறாள். காலில் வெள்ளிக் கொலுசு போட்டுக்கொண்டு, கோயில் வாசலில் நின்று, தும்பிக்கையைத் தலையில் வைத்து ஆசீர்வாதம் செய்த யானை. புதுச்சேரியில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் அந்தத் தும்பிக்கையின் கனம் தலையில் இன்னும் இருக்கிறது என்பார்கள். "அத்தை, எனக்கு ஒரு லட்சுமி செஞ்சு தா" என்று இவள் கேட்டாள். நிறத்தையும் அவளே சொல்லிவிட்டாள். உடம்பு கத்தரிப்பூ நிறம், காது மஞ்சள், தும்பிக்கையில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி.

குரோஷே பின்னத் தெரியும் என்பதால் ஒத்துக்கொண்டேன். நம் பெரியவர்கள் பலர் குரோஷா என்பார்கள். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குச் சின்னக் கொக்கி என்று பொருள். பிரெஞ்சு வீதிப் பெயர்களைப் படித்தே வளர்ந்த எனக்கு இது வெகுநாள் தெரியாமலே இருந்தது. இந்த முறையில் பஞ்சடைத்த பொம்மை செய்வதை ஜப்பானியர்கள் அமிகுருமி என்கிறார்கள். இப்போது உலகம் முழுக்க அந்தப் பெயர்தான். வேண்டியது கொக்கி ஊசி, உல்லன், பஞ்சு, அவ்வளவுதான். கடையில் உல்லன் என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் அக்ரிலிக் நூல்தான். பொம்மைக்கு அதுவே நல்லது, துவைத்தால் தாங்கும்.

பஞ்சை அடைத்ததும் துணி உருண்டையாகிவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பஞ்சுக்கு அதில் சின்னப் பங்குதான். யானைத் தலையின் உருண்டை, காதின் மடிப்பு, தும்பிக்கையின் வளைவு எல்லாமே ஒரு சுற்றுக்கு எத்தனை கண்ணி என்கிற எண்ணிக்கையில் இருக்கிறது.

முதலில் ஒரு கண்ணி எப்படி உண்டாகிறது என்று பார்க்கலாம். ஊசியில் எப்போதும் ஒரே ஒரு வளையம்தான் காத்திருக்கும். கொக்கியை முந்தைய சுற்றின் கண்ணிக்குள் நுழைத்து, நூலை மாட்டி வெளியே இழுக்க வேண்டும். இப்போது ஊசியில் இரண்டு வளையம். மறுபடி நூலை மாட்டி, அந்த இரண்டுக்குள்ளும் சேர்த்து இழுத்தால் பழையபடி ஒரு வளையம். ஒரு கண்ணி முடிந்தது. சிங்கிள் குரோஷே என்பது இதுதான். பொம்மை முழுக்க இந்த ஒரே அசைவு பல நூறு தடவை திரும்பத் திரும்ப வருகிறது.

இதில் முடிச்சு எதுவும் கிடையாது. கடைசி வளையத்தை இழுத்தால் மொத்த யானையும் பழையபடி நூலாகிவிடும். ஆனால் நடுவில் எங்கே பிடித்து இழுத்தாலும் அசையாது. இதற்குக் காரணம் உராய்வு. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகைக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கயிற்றைக் கம்பத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு, மறுமுனையை ஒருவர் கையில் பிடித்திருந்தாலே படகு நின்றுவிடும். சுற்று கூடக் கூட அந்தப் பிடி கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். உரசல் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும் எண்ணான உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றில் கையின் பலம் சுமார் 6.6 மடங்காகும். இரண்டு சுற்றில் 43 மடங்கு, மூன்றில் 286. ஒரு கண்ணிக்குள் நூல் மேலும் கீழும் பல முறை வளைந்து தன்மீதே உரசிப் போகிறது. நான்கைந்து கண்ணி தாண்டுவதற்குள் இழுவிசை கரைந்துபோய்விடும். குழந்தை காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினாலும் பொம்மை தாங்குவது இதனால்தான்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம்.

தலையை உச்சியில் தொடங்குகிறோம். ஒரு சின்ன வளையத்துக்குள் 6 கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இரண்டு, ஆக 12. அதற்கடுத்து 18, 24, 30, 36. சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் தட்டையான வட்டம் கிடைக்கும். ஏன் ஆறு? வட்டத்தின் சுற்றளவு 2πr என்று பள்ளியில் படித்தோம். ஒரு சுற்று பின்னினால் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடுகிறது. அப்படியென்றால் சுற்றளவு அந்த உயரத்தைப் போல 2π மடங்கு, அதாவது 6.28 மடங்கு கூடியாக வேண்டும். சிங்கிள் குரோஷே கண்ணியின் அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்று, அகலம் ஒரு துளி அதிகம். அதனால் 6.28-க்குப் பதில் 6 போதும். உயரம் இரு மடங்கான டபுள் குரோஷே போடுகிறவர்கள் 12-இல் தொடங்குவதும் இதே கணக்குதான். ஒவ்வொரு பின்னலிலும் π ஒளிந்துகொண்டிருக்கிறது.

அந்தத் தட்டையான வட்டத்தை மடியில் வைத்திருந்தபோது அம்மா பார்த்தார். மார்கழி முப்பது நாளும் வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவர். "இது ஊடுபுள்ளிதானேடி? நடுவுல ஒண்ணு, சுத்தி ஆறு, அதைச் சுத்திப் பன்னெண்டு" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளிகளை வைப்பதுதான் ஊடுபுள்ளி. பதினைந்து புள்ளி, எட்டில் நிற்கும் ஊடுபுள்ளிக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவரிசையில் 15, மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8 வரை. மொத்தம் 169 புள்ளி. அதையே நடுவிலிருந்து வளையம் வளையமாக எண்ணினால் 1, 6, 12, 18, 24, 30, 36, 42. அதற்கும் கூட்டுத்தொகை 169. ஒரு ரூபாய் நாணயத்தைச் சுற்றி அதே நாணயம் சரியாக ஆறுதான் ஒட்டி நிற்கும் என்பதால், ஊடுபுள்ளி வைக்கிறவருக்கும் ஆறு ஆறாகவே வளர வேண்டியிருக்கிறது.

ஊடுபுள்ளிக் கோலத்தின் ஓரம் அறுகோணம். குரோஷே வட்டத்திலும் கூட்டும் இடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஆறு மூலை கிளம்பிவிடும். முதல் தலையில் எனக்கு அப்படித்தான் ஆனது. பிரித்துவிட்டு, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் கூட்டும் இடத்தைப் பாதி தள்ளி வைத்தேன், மூலை மறைந்தது.

தட்டை வட்டம் எப்படி உருண்டையாகிறது? சாத்துக்குடித் தோலை மேசையில் தட்டையாக அழுத்தினால் ஓரம் கிழிகிறது. உருண்டையின் மேல் வரையும் வட்டத்துக்கு, அதே ஆரமுள்ள தட்டை வட்டத்தைவிடச் சுற்றளவு குறைவு என்பதுதான் காரணம். தோலின் மேல் ஊர்கிற எறும்பு, தோலைவிட்டு வெளியே வராமல், நடந்த தூரத்தையும் சுற்றி வந்த தூரத்தையும் மட்டும் அளந்தே தான் இருப்பது உருண்டையா தட்டையா என்று சொல்லிவிடலாம். வளைவைப் பரப்புக்குள்ளிருந்தே அளக்க முடியும் என்று 1827-இல் காட்டியவர் ஜெர்மன் கணித மேதை காஸ். பின்னுகிற கைக்கு எறும்பின் கணக்கே போதும். ஆறுக்குக் குறைவாகக் கூட்டினால் பரப்பு உள்பக்கம் கவியும்.

வழக்கமான செய்முறை 36 வந்ததும் கூட்டுவதை நிறுத்தி, சில சுற்று 36-ஆகவே ஓட்டி, பிறகு ஆறு ஆறாகக் குறைக்கச் சொல்லும். உண்மையில் அது தட்டை மூடி போட்ட டப்பா. கண்ணிகள் கொஞ்சம் இழுபடும் என்பதால் பஞ்சு அதை உருண்டைபோல ஆக்கிவிடுகிறது. பஞ்சின் பங்கு சின்னது என்றேனே, அது இதுதான். சரியான உருண்டைக்கு எத்தனை கண்ணி வேண்டும் என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உச்சியிலிருந்து இடுப்புவரை ஒன்பது சுற்று, சுற்றுக்கு 10 டிகிரி. உச்சியிலிருந்து எத்தனை டிகிரி இறங்கியிருக்கிறோமோ, அந்தக் கோணத்தின் சைனை இடுப்புச் சுற்றளவால் பெருக்கினால் அந்த இடத்தின் சுற்றளவு. சைன் அட்டவணையை 36-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கினால் 6, 12, 18, 23, 28, 31, 34, 35, 36. அதன்பின் அதே வரிசையில் 6 வரை இறங்க வேண்டும். மொத்தம் 17 சுற்று. முதல் மூன்று சுற்று ஊடுபுள்ளிக் கணக்கேதான், ஏனென்றால் உருண்டையின் உச்சி கிட்டத்தட்ட தட்டை. அப்புறம்தான் பிரிகிறது.

ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை கூட்ட வேண்டும் என்று எழுதிப் பாருங்கள்: 6, 6, 6, 5, 5, 3, 3, 1, 1. பின்னுகிறவருக்கு 23, 28 என்கிற மொத்தம் முக்கியமில்லை, இந்த வித்தியாசம்தான் முக்கியம். கி.பி. 499 வாக்கில் ஆரியபட்டரும் சைன் அட்டவணையை இப்படித்தான் தந்தார். மதிப்புகளைச் சொல்லாமல் வித்தியாசங்களை மட்டும் வரிசையாகச் சொன்னார். 225-இல் தொடங்கி, 224, 222 என்று மெல்ல இறங்கி, 24-ஆவது இடத்தில் 7-இல் முடிகிறது. முதலில் நிறையக் கூட்டு, போகப் போகக் குறைத்துக் கூட்டு. வானத்துக்காக அவர் போட்ட கணக்கின் வடிவம் என் ஊசி முனையில் வந்து நின்றதைப் பார்த்து அன்று வேறு வேலை ஓடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த 17 சுற்றிலும் உள்ள கண்ணிகளைக் கூட்டினால் 410. கண்ணியைச் சதுரமாக வைத்து, இடுப்பு 36 கண்ணி உள்ள உருண்டையின் பரப்பை 4πr² போட்டால் 412.5 கண்ணி. பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த சூத்திரத்தை இப்படிக் கையால் எண்ணிச் சரிபார்த்தேன். மூன்று மில்லிமீட்டர் ஊசியில் என் கைக்கு ஒரு கண்ணி சுமார் அரை சென்டிமீட்டர் வந்தது. தலை ஒரு சின்ன சாத்துக்குடி அளவு.

காதுக்கு நேர் எதிர்க் கணக்கு. தட்டை வட்டம் 24 வரை போய், அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டு 48 ஆக்கினேன். ஆறு கூட்ட வேண்டிய இடத்தில் இருபத்து நான்கு. ஓரத்துக்குத் தட்டையில் இடம் போதாமல் மேலும் கீழுமாக அலை அடித்தது. பூ மார்க்கெட்டில் விற்கும் கோழிக்கொண்டைப் பூவின் மடிப்பும் இப்படித்தான், நடுவைவிட ஓரம் வேகமாக வளர்ந்ததால் வந்தது. இந்த வகை வளைவை அதிபரவளையப் பரப்பு என்பார்கள். கணித மாணவர்களுக்கு இதைக் கையில் தொட்டுக் காட்டுவது வெகுகாலம் சிரமமாக இருந்தது. காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் கிழிந்துகொண்டே இருந்தன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தைனா தைமின்யா என்ற லாட்வியக் கணித அறிஞர் 1997-இல் அதை குரோஷேயில் பின்னிக் காட்டினார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே விகிதத்தில் கண்ணி கூட்டிக்கொண்டே போனால் போதும் என்பதே அவர் கண்ட வழி.

தும்பிக்கை ஒரு குழாய். 12 கண்ணி, கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. அதை வளைக்க, ஒரு பக்கத்து ஆறு கண்ணியைக் குட்டையாகவும் எதிர்ப்பக்கத்து ஆறை உயரமாகவும் போட்டேன். குட்டைப் பக்கம் உள்வளைவு. நிறம் மாற்றும்போது, பழைய நிறத்தின் கடைசிக் கண்ணியில் இரண்டு வளையத்துக்குள் இழுக்கும் அந்தக் கடைசி இழுப்பைப் புது நிறத்தில் இழுக்க வேண்டும், இல்லையென்றால் கலங்கித் தெரியும். அப்படிச் செய்தும் கோடுகள் சேரும் இடத்தில் ஒரு படி தெரியும். நாம் பின்னுவது தனித்தனி வளையங்கள் அல்ல, திருகாணி மரைபோல ஏறிக்கொண்டே போகும் ஒரே சுருள். அந்தப் படியைத் தும்பிக்கையின் அடிப்பக்கம் தள்ளிவிட்டால் சரி.

இதையெல்லாம் மெஷினில் செய்ய முடியாதா என்று கேட்கிறார்கள். திருப்பூரில் பனியன் துணி பின்னும் வட்ட மெஷின் செய்வது நிட்டிங். அதில் ஒரு வரிசைக் கண்ணி முழுவதும் ஊசிகளில் திறந்து நிற்கும், ஒவ்வொரு ஊசிக்கும் தன் இடம் தெரியும். 1589-இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ அதற்குச் சட்டகம் செய்துவிட்டார். குரோஷேயில் திறந்திருப்பது ஒன்றே ஒன்று. கொக்கி ஒவ்வொரு முறையும் முடிந்துபோன, நெளிந்துகிடக்கும் துணிக்குள் சரியான துளையைத் தேடிப் போக வேண்டும். விரல் நுனிக்குத் தெரியும் அந்தத் துளையை இரும்புக்குக் காட்டித் தருவது இன்றும் எளிதாக இல்லை. கடையில் பார்க்கும் குரோஷே பொம்மை எதுவாக இருந்தாலும் ஒரு கை அதை எண்ணி எண்ணிப் பின்னியிருக்கிறது. விலை கேட்டுப் பேரம் பேசுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். நூல் உருண்டையின் தாளில் போட்டிருக்கும் ஊசி அளவைவிட ஒரு சுற்றுச் சின்ன ஊசி எடுங்கள். பஞ்சு அடைத்ததும் கண்ணி விரியும், பெரிய ஊசியென்றால் பஞ்சு எட்டிப் பார்க்கும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் பிளாஸ்டிக் கண் வேண்டாம், வாயில் போட்டால் ஆபத்து. கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள்.

கடைசியில் கொலுசு. கால் சுற்றளவு 18 கண்ணி என்பதால் ஜரிகை நூலில் 18 சங்கிலிக் கண்ணி போட்டுக் கட்டினேன், காலை இறுக்கிப் பள்ளம் விழுந்தது. கொலுசு காலுக்கு வெளியே நிற்கிறது. ஆரம் ஒரு நூல் கனம் கூடினால் சுற்றளவு ஆறு நூல் கனத்துக்கு மேல் கூடும். என் பின்னலில் ஒரு கண்ணிக்கு ஏறக்குறைய மூன்று நூல் கனம், ஆக இரண்டு கண்ணி. 20 சங்கிலி போட்டேன். லட்சுமியின் கொலுசு நான்கும் சரியாக உட்கார்ந்தன.