லூப்பேக்கில் தெரியாத க்ளாக் வித்தியாசம்

லேபில் மூன்று நாள் ஒரு பிட் பிழைகூட இல்லாமல் ஓடிய இரண்டு போர்டுகள், தொழிற்சாலையில் பொருத்திய முதல் வாரமே தகராறு செய்தன. கேமராப் படத்தை ஒன்று அனுப்ப வேண்டும், மற்றது வாங்கிக்கொள்ள வேண்டும். வேலை அவ்வளவுதான். காலையில் படங்கள் ஒழுங்காக வரும். பதினொரு மணிக்கு மேல் சிதையத் தொடங்கும். சாயங்காலம் தானாகச் சரியாகிவிடும். கேபிளை மாற்றினோம், கனெக்டரைத் துடைத்தோம், எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்தோம். எதுவும் பலிக்கவில்லை.

கெட்டுப்போன படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எல்லாப் படத்திலும் மேல் முக்கால் பங்கு சுத்தமாக இருந்தது, கடைசிக் கால் பங்கு மட்டும் குப்பை. மின் இரைச்சலால் வரும் பிழை இப்படி இடம் பார்த்து வராது. ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பி, அந்த இடத்தில் வழிகிறது.

அதிவேக சீரியல் இணைப்பில் க்ளாக்குக்கு, அதாவது ஒவ்வொரு பிட்டையும் எப்போது படிப்பது என்று சொல்லும் துடிப்புக்கு, தனிக் கம்பி கிடையாது. பத்து ஜிகாபிட் ஈதர்நெட்டில் ஒரு பிட்டின் நேரம் சுமார் 97 பிக்கோ செகண்ட். டேட்டாவையும் க்ளாக்கையும் தனித்தனிக் கம்பியில் அனுப்பி, இந்த வேகத்தில் இரண்டையும் ஒரே சமயத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் பெறுகிற பக்கம், வரும் பிட்டுகள் 0-லிருந்து 1-க்கும் 1-லிருந்து 0-க்கும் மாறுகிற இடங்களை வைத்து அனுப்புகிறவரின் க்ளாக்கை மீட்டெடுத்துக்கொள்கிறது. இந்த மின்சுற்றைத்தான் சி.டி.ஆர். (க்ளாக் அண்ட் டேட்டா ரெக்கவரி) என்கிறோம். தொடர்ந்து ஒரே பிட்டாக வந்தால் அதற்குப் பிடி கிடைக்காது. அதற்காகத்தான் 8 பிட்டை, அதாவது ஒரு பைட்டை, 10 பிட் கொண்ட ஒரு சிம்பலாக மாற்றி அனுப்பும் 8பி/10பி குறியீட்டில் ஒரே பிட் ஐந்து முறைக்கு மேல் தொடராதபடி அமைத்திருக்கிறார்கள்.

சரி, க்ளாக் கிடைத்துவிட்டது. ஆனால் அது அனுப்பியவரின் க்ளாக். நம் போர்டின் மற்ற லாஜிக் நம் சொந்த ஆஸிலேட்டரில், அதாவது க்ளாக்கை உண்டாக்கும் பாகத்தில், ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு எலாஸ்டிக் பஃபர் இருக்கும். தண்ணீர்த் தொட்டி மாதிரிதான்: அனுப்புகிறவர் க்ளாக்கில் நிரம்பும், நம் க்ளாக்கில் காலியாகும். இரண்டு வேகமும் துளியூண்டு மாறினால்கூட, நேரம் ஆக ஆகத் தொட்டி வழியும், அல்லது வற்றும்.

எங்கள் இணைப்பு 3.125 ஜிகாபிட். இரண்டு பக்கமும் தனித்தனியாக 156.25 மெகா ஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர், இரண்டுமே ±50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரை விலகலாம். மதியம் ஒரே ஃப்ரீக்வென்ஸி கவுண்டரில் இரண்டையும் அளந்தோம். ஒன்று 156.2525, மற்றது 156.2461. வித்தியாசம் 41 பிபிஎம். கைக்கடிகாரமாக இருந்தால் ஒரு நாளைக்கு மூன்றரை செகண்ட் விலகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். நம் பஃபரின் ஆழம் 64 சிம்பல், பாதி நிரம்பிய நிலையில் வைத்திருப்போம், ஆக 32 சிம்பல் மிச்சம். 41 பிபிஎம் கணக்கில் ஏறக்குறைய 7,80,000 சிம்பலுக்கு அது தீர்ந்துபோகும். எங்கள் படம் ஒன்று 1 மெகாபைட், அதாவது 10,48,576 சிம்பல். நான்கில் மூன்று பங்கு! வெயில் ஏற ஏற ஒரு பெட்டி மட்டும் சூடானது, அதன் ஆஸிலேட்டர் நகர்ந்தது, முப்பது பிபிஎம்மைத் தாண்டியதும் படம் உடைந்தது. இரண்டு ஆஸிலேட்டரும் தங்கள் வரம்புக்குள்ளேயேதான் இருந்தன. தப்பு எங்கள் டிசைனில்.

இந்த விலகலைச் சமாளிக்கத்தான் ஸ்கிப் என்ற வெற்றுச் சிம்பலை இடையிடையே அனுப்புவது. பஃபர் நிரம்பினால் பெறுகிறவர் அதில் ஒன்றைத் தூக்கி எறிவார், வற்றினால் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார். நாங்கள் அதை இரண்டு படங்களுக்கு நடுவில் மட்டும் வைத்திருந்தோம். ஒவ்வொரு 4,096 சிம்பலுக்கும் ஒன்று என்று மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. கணினிக்குள் கார்டுகளை இணைக்கும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் தரநிலை இதில் கறாராக இருக்கிறது. பக்கத்துக்கு ±300 பிபிஎம் என்றால் மோசமான நிலையில் 600, அதாவது 1,666 சிம்பலுக்கு ஒன்று நழுவும். அதனால்தான் 2.5, 5 ஜிகாபிட் வேகங்களில் 1,180 முதல் 1,538 சிம்பலுக்குள் ஸ்கிப்பைத் திட்டமிட்டாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் விஷயத்தில் ஜாக்கிரதை. ரேடியோ இரைச்சலைக் குறைக்க, கணினி மதர்போர்டுகளில் 100 மெகா ஹெர்ட்ஸ் க்ளாக்கை வேண்டுமென்றே 0.5 சதவீதம் வரை கீழே இறக்கி ஏற்றுவார்கள். அது 5,000 பிபிஎம்! இரண்டு பக்கமும் அதே க்ளாக்கை வாங்கினால் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு பக்கம் தனி ஆஸிலேட்டரை வைத்துவிட்டு, மறுபக்கம் ஸ்ப்ரெட்டை அணைக்க மறந்தால் இணைப்பு வந்து வந்து போகும்.

ஆஸிலேட்டருக்குக் கொடுக்கும் மின்சாரத்தையும் பாருங்கள். டேட்டாஷீட்டில் உள்ள ஜிட்டர் (க்ளாக் துடிப்பு முன்பின்னாக நடுங்குவது) அளவு பெரும்பாலும் 12 கிலோ ஹெர்ட்ஸ் முதல் 20 மெகா ஹெர்ட்ஸ் வரை, சுத்தமான சப்ளையில் எடுத்தது. பக்கத்தில் 500 கிலோ ஹெர்ட்ஸ் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் ஓடினால், அதன் இரைச்சல் நேராக அந்த வீச்சுக்குள்தான் விழும். ஆஸிலேட்டருக்குத் தனியாக ஒரு சிறிய எல்.டி.ஓ. (ஸ்விட்சிங் இல்லாத, இரைச்சல் குறைந்த ரெகுலேட்டர்) வைப்பது வீண் செலவு இல்லை.

லேபில் ஏன் தப்பியது? முதல் இரண்டு நாள் லூப்பேக்கில் ஓட்டினோம். அனுப்புவதும் பெறுவதும் ஒரே போர்டு, ஒரே ஆஸிலேட்டர், வித்தியாசம் பூஜ்யம். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் பஃபர் அசையாது. மூன்றாம் நாள் இரண்டு போர்டு வைத்தோம், ஆனால் இரண்டின் ஆஸிலேட்டரும் ஒரே ரீலில் இருந்து வந்தவை, ஒரே ஏசி அறையில் இருந்தவை. 2 பிபிஎம்கூட விலகவில்லை. பிழையே இல்லை என்று நாங்கள் எழுதிக் கொடுத்த அறிக்கை, க்ளாக்கைப் பற்றி எதையும் சோதிக்கவில்லை.

இப்போது ஒரு போர்டின் ஆஸிலேட்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சிக்னல் ஜெனரேட்டரைச் சாலிடர் செய்து வைத்திருக்கிறோம். முதலில் 156.265625 மெகா ஹெர்ட்ஸ், அதாவது 100 பிபிஎம் மேலே. அடுத்து 156.234375, அதே அளவு கீழே. இந்த இரண்டிலும் முழு நீளப் படங்களோடு தலா ஒரு இரவு ஓடி முடித்த பிறகுதான் எந்தப் போர்டும் வெளியே போகிறது.