புள்ளி இல்லாத இடம் பத்திரமான இடம் இல்லைங்க

போன வாரம் ஏற்காட்டிலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் அனுப்பினார். நிலம் நகர்கிறதா என்று செயற்கைக்கோள் அளந்து புள்ளி புள்ளியாகக் காட்டும் படம். "சார், சேட்டிலைட்டே என் இடத்துல ஒரு சிவப்புப் புள்ளிகூட காட்டல. காட்டேஜ் கட்டலாம்ல?" இதே கேள்வி, இன்னொரு ஆள்.

நிலம் நகர்ந்தால் சிவப்புப் புள்ளி, அசையாமல் இருந்தால் பச்சை. அவர் இடத்தில் சிவப்பு இல்லைதான். பச்சையும் இல்லையே! இடம் முழுக்க சில்வர் ஓக், அதன் நிழலில் காப்பி.

சென்டினல்-1 செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் வந்து ரேடார் அலையை அனுப்பும். அலைநீளம் சுமார் 5.5 செ.மீ. திரும்பிய அலைகளைச் சில ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுக்கொண்டே வந்தால் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகர்வுகூட அகப்படும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே பொருள் அதே மாதிரி அலையைத் திருப்ப வேண்டும். பாறையும் கட்டடமும் திருப்பும். இலை ஆடும், உதிரும், கவாத்தில் போய்விடும். கணக்கு ஒட்டாது என்று மென்பொருள் அந்த இடத்தையே கழித்துவிடும். அங்கே 'அசையவில்லை' என்று யாரும் சொல்லவில்லை. 'அளக்க முடியவில்லை', அவ்வளவுதான். பரீட்சைக்கே வராத பையனுக்கு 'ஆப்சென்ட்' போடுகிறார்கள். அதைப் பாஸ் என்றா எடுத்துக்கொள்வீர்கள்?

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோள் நிசாரின் 24 செ.மீ. அலை இலைகளைத் தாண்டி இன்னும் நன்றாக எட்டும். அதிலும் வடக்கு தெற்காக நழுவும் சரிவு சரியாகத் தெரியாது. இப்படி அளக்கும் எங்களுக்குத் தீராத தலைவலி அது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழைக்கு ஏற்காடு மலைப்பாதையில் சரிந்ததே, அந்த மாதிரிச் சரிவு 12 நாள் காத்திருக்கவும் செய்யாது.

அவர் இடத்தை நேரில் போய்ப் பார்த்தேன். தடுப்புச் சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது. விரிசலில் புது சிமெண்ட், அதன்மேல் பெயிண்ட், பெயிண்டுக்குள் மறுபடி மயிரிழை விரிசல். பின்னாலுள்ள மரங்கள் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருக்கின்றன. மண் மெல்ல நழுவ நழுவ நிமிர்ந்து வளர்ந்த மரம் அப்படித்தான் இருக்கும்.

விரிசலைப் பூசி மறைக்காதீர்கள். சுவரில் தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காதீர்கள். அடைத்திருந்தால் இன்றே குத்திவிடுங்கள். செப்டிக் டேங்க் தண்ணீரைச் சரிவில் விடுவதும், ஜேசிபி வைத்துச் சரிவின் அடிப்பகுதியை வெட்டுவதும் வேண்டவே வேண்டாம். கட்டுவதற்கு முன் ஒரு புவியியலாளரைக் கூட்டி வாருங்கள். காட்டேஜ் செலவில் அது தூசு.

அவர் சுவரில் விரிசலுக்கு இரு பக்கமும் நானே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு வந்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் 50 மில்லிமீட்டர். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கண்ணா. தயவுசெய்து அதன்மேல் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள்.