பார்க்கப்பட்ட உழைப்பு: பாராட்டு செயல்படும் விதம்

எழுத்துகள் தாறுமாறாக அச்சிடப்பட்ட ஒரு தாளைக் கொடுத்து, அதில் 'எஸ்' என்னும் ஆங்கில எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வரும் பத்து இடங்களைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். முதல் தாளை முடித்தால் 55 சென்ட் கூலி, அடுத்ததற்கு 50, அதற்கடுத்ததற்கு 45 என்று ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து சென்ட் குறைந்துகொண்டே போகும். போதும் என்று தோன்றும்போது நிறுத்திக்கொள்ளலாம். டான் ஏரியலி, எமிர் காமெனிட்சா, டிராசன் பிரெலெக் ஆகிய மூவரும் 2008-இல் வெளியிட்ட இந்த ஆய்வில் வேலையும் கூலியும் எல்லோருக்கும் ஒன்றே. முடித்துக் கொடுத்த தாளுக்கு என்ன நேர்ந்தது என்பது மட்டுமே வேறுபட்டது. முதல் பிரிவினர் தாளில் தம் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். ஆய்வாளர் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்தார். இரண்டாம் பிரிவினரின் தாளில் பெயர் இல்லை. ஆய்வாளர் அதைப் பார்க்காமலேயே ஒரு குவியலின்மேல் போட்டார். மூன்றாம் பிரிவினரின் தாளோ, அவர்கள் கண்ணெதிரிலேயே, காகிதம் நறுக்கும் இயந்திரத்துக்குள் போனது.

முதல் பிரிவினர் சராசரியாக 9.03 தாள்களை முடித்தார்கள்; அதாவது ஒரு தாளுக்கு 15 சென்ட் என்று கூலி சரிந்த பிறகுதான் பெரும்பாலும் கைவிட்டார்கள். தாள் நறுக்கப்பட்டவர்கள் 6.34 தாள்களோடு நின்றுவிட்டார்கள். இதை எவரும் ஊகித்திருக்கலாம். ஊகிக்க முடியாதது நடுப் பிரிவின் கணக்கு: அவர்கள் முடித்தவை 6.77 தாள்கள். உழைப்பைக் கண்ணெதிரே அழிப்பதற்கும் அதை ஏறிட்டுப் பார்க்காமல் ஓரமாகப் போடுவதற்கும் இடையே, வேலை செய்தவரின் மனத்தில் ஏறக்குறைய வேறுபாடே இல்லை. இத்தனைக்கும் பின்னிரு பிரிவினரின் தாள்களை யாரும் சரிபார்க்கவில்லை. வேலையே செய்யாமல் தாளைத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்கியிருக்கலாம். அவர்கள் அதைச் செய்யாமல் எழுந்து போனார்கள்.

முதல் பிரிவினருக்குப் பரிசோ பட்டமோ கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெயர் எழுத ஓர் இடம், ஒரு பார்வை, ஒரு கோப்பு, அவ்வளவுதான். பணியிடப் பாராட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கேடயம், சான்றிதழ், மேடை என்றே போகிறது. ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், பாராட்டு ஓர் இனிப்புப் பண்டத்தைப் போல இயங்கவில்லை, ஒரு தகவலைப் போல இயங்குகிறது என்றே நான் கருதுகிறேன். "உன் வேலை பார்க்கப்பட்டது, அது ஓரிடத்தில் போய்ச் சேர்ந்தது" என்பதே அத்தகவல். தகவல் தெளிவாகவும் உண்மையாகவும் இருக்கும்போது ஊக்கம் பிறக்கிறது. குழம்பும்போது, அதைச் சுமந்துவந்த பரிசு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பயன் தலைகீழாகவும் போகக்கூடும்.

மூளைக்குள் நடப்பதிலிருந்து தொடங்கலாம். கெய்சே இசுமா உள்ளிட்ட ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-இல் ஒரே ஆட்களை இரண்டு நிலைகளில் மூளைப் படமெடுப்புக் கருவிக்குள் படுக்கவைத்தார்கள். ஒரு முறை அவர்கள் விளையாட்டொன்றில் பணம் வென்றார்கள். மறு முறை தம்மைப் பற்றி அந்நியர்கள் சொன்னதாகக் காட்டப்பட்ட நல்ல கருத்துகளைப் படித்தார்கள். மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதி, பணத்துக்கு எப்படிக் கிளர்ந்ததோ அப்படியே நற்பெயருக்கும் கிளர்ந்தது. உணவு, பணம், மதிப்பு என்று பொருள் எதுவானாலும் பயனை எடைபோடும் தராசு ஓரளவுக்குப் பொதுவானது என்பதற்கு இது ஒரு சான்று. பணமும் பாராட்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. சம்பளத்தைக் கொடுக்க மனமில்லாத இடத்தில் கைதட்டல் கொடுத்துச் சமாளிப்பதை இந்த ஆய்வு நியாயப்படுத்தவில்லை.

அந்தத் தராசுக்கு விசித்திரமான ஒரு பழக்கம் உண்டு. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990-களில் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்களை ஆராய்ந்தபோது, அவை பரிசின் அளவைப் பதிவு செய்யவில்லை, பரிசுக்கும் எதிர்பார்ப்புக்கும் இடையிலான இடைவெளியைப் பதிவு செய்கின்றன என்று கண்டார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் செல்கள் துடித்தெழும். ஒரு விளக்கு எரிந்தபின் பழச்சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, விளக்குக்குத் துடிக்கும் செல்கள் பழச்சாற்றைக் கண்டுகொள்வதில்லை. விளக்கு எரிந்தும் பழச்சாறு வராவிட்டால், அவற்றின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கிவிடும். ஒவ்வொரு மாதமும் குறித்த நாளில், முறைவைத்து, குழுவில் அடுத்தவருக்கு என்று வழங்கப்படும் விருது ஏன் சில சுற்றுகளில் சுவையிழந்துவிடுகிறது என்பதற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது: அதில் பெறுபவர் அறியாத செய்தி எதுவும் மிச்சமில்லை. ஒரு மாதம் அது தவறிப்போனால் வருத்தம் மட்டும் முழுதாக வந்து சேரும். குரங்கின் பழச்சாற்றிலிருந்து அலுவலகத்துக்குத் தாவுவது நீண்ட தாவல்தான்; ஆனால் மனிதர்களிடம் நடந்த சோதனைகளும் அதே திசையைக் காட்டுகின்றன.

எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட சோதனை அவற்றுள் புகழ்பெற்றது. துண்டுகளை இணைத்து வடிவங்களை அமைக்கும் சோமா என்னும் கனசதுரப் புதிரை மாணவர்கள் தீர்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு நடுவில் ஒரு கட்டத்தில் மட்டும், தீர்க்கும் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு டாலர் தரப்பட்டது. ஆய்வாளர் எட்டு நிமிடம் அறையை விட்டு வெளியே போகும் இடைவேளைதான் உண்மையான சோதனை: மேசையில் பத்திரிகைகளும் கிடக்கின்றன, புதிரும் கிடக்கிறது, மாணவர் எதைக் கையில் எடுக்கிறார்? காசு வாங்கிப் பழகியவர்கள், காசு நின்றதும், புதிரில் செலவிடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். காசுக்குப் பதிலாக வாய்மொழிப் பாராட்டைப் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. காசோ பாராட்டோ பெறாத ஒப்பீட்டுப் பிரிவைவிட அவர்களின் ஆர்வம் நன்றாகவே நிலைத்தது. டெசியும் இரு சக ஆய்வாளர்களும் 1999-இல் 128 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோதும் ஏறத்தாழ இதே படம்தான் கிடைத்தது: முன்கூட்டி அறிவிக்கப்பட்ட பொருட்பரிசு உள்ளார்ந்த ஆர்வத்தை அரிக்கிறது, திறமையைச் சுட்டும் சொல் அதை வளர்க்கிறது. அதே சொல்லைக் கட்டுப்படுத்தும் தொனியில் சொன்னால் பயன் கெட்டுப்போகிறது என்பதும் அத்தொகுப்பில் தெரிந்தது. "இந்தப் பிழையை நீங்கள் கண்டுபிடித்த விதம் எங்களுக்கு இரண்டு நாள் வேலையை மிச்சப்படுத்தியது" என்பது தகவல். "நன்று, இப்படியே செய்ய வேண்டும்" என்பது பாராட்டின் உடை அணிந்த உத்தரவு.

பாராட்டுவது எப்போதும் நல்லது என்ற எண்ணத்தையும் இங்கே கொஞ்சம் சரிசெய்துகொள்ள வேண்டும். அவ்ரகாம் க்ளூகரும் ஏஞ்சலோ டெனிசியும் 1996-இல் வேலை குறித்த பின்னூட்டங்களின் விளைவுகளை, 607 அளவீடுகளைத் திரட்டி, மதிப்பிட்டார்கள். சராசரியில் பின்னூட்டம் செயல்திறனை உயர்த்தியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் அது செயல்திறனைத் தாழ்த்தியது. கவனத்தை வேலையிலிருந்து பிரித்து, "நான் எப்படிப்பட்டவன்" என்ற கேள்வியின் பக்கம் திருப்பும் பின்னூட்டம் பயன் குன்றியது என்பது அவர்களின் விளக்கம். இது கண்டனத்துக்கு மட்டும் பொருந்துவதன்று, புகழ்ச்சிக்கும் பொருந்தும். ஒருவரை மேதை என்று அழைத்துவிட்டால், அவர் அடுத்த நாள் வேலையைப் பார்ப்பாரா, மேதைமையைக் காப்பாற்றப் பார்ப்பாரா என்பது உறுதியில்லை.

ஒருவருக்குச் சொல்லப்படும் பாராட்டு அவரோடு நிற்பதில்லை என்பது இத்துறையில் எனக்கு மிகவும் சுவையான பகுதி. கிறிஸ்டியானே பிராட்லரும் மூன்று பொருளியலாளர்களும் 2016-இல் வெளியிட்ட கள ஆய்வுக்காக, 300-க்கும் மேற்பட்டோரை மூன்று மணி நேரத் தரவுப்பதிவு வேலைக்கு அமர்த்தினார்கள். வேலை செய்தவர்களுக்கு அது ஆய்வு என்று தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்து, சில குழுக்களில், முன்னறிவிப்பு எதுவுமின்றி நன்றி அட்டைகள் வழங்கப்பட்டன: சில குழுக்களில் எட்டுப் பேருக்கும், சிலவற்றில் மிக நன்றாகச் செய்த மூவருக்கு மட்டும். மூவருக்கு மட்டும் தந்த குழுக்களில்தான் செயல்திறன் மிகத் தெளிவாக உயர்ந்தது. அந்த உயர்வுக்குப் பெரும்பங்கு காரணமானவர்கள் அட்டை பெற்ற மூவர் அல்லர், பெறாத ஐவர். இங்கே நல்ல வேலைக்கு மதிப்பு உண்டு, யாரோ அளந்து பார்க்கிறார்கள், நான் மற்றவர்களுக்குப் பின்னால் நிற்கிறேன் என்ற செய்தி அவர்களை எட்டிவிட்டது. எல்லோருக்கும் அட்டை கொடுத்தபோது அந்தச் செய்தி மங்கிவிட்டது.

இதைப் படித்ததும், மூவரைத் தேர்ந்தெடுத்து மேடையேற்றினால் போதும் என்று ஒரு மேலாளர் முடிவு செய்துவிடக்கூடும். அது அவசரம். அந்த வேலை மூன்று மணி நேரத்தில் முடிந்துபோனது, யார் எவ்வளவு செய்தார் என்பதை எண்ணிச் சொல்ல முடிந்தது, யாருக்கும் யார்மீதும் பழைய கணக்கு இல்லை. ஆண்டுக்கணக்கில் ஒன்றாக உழைக்கும் குழுவில் ஒருவருடைய வெற்றிக்குள் நாலு பேருடைய உதவி ஒளிந்திருக்கும். அதில் ஒரு பெயரை மட்டும் உரக்கச் சொன்னால், சொல்லப்படாத பெயர்களுக்குக் கிடைக்கும் தகவல் "உதவியது கணக்கில் வராது" என்பதாகவே இருக்கும்.

தகவல் தவறாகப் போய்ச் சேர்ந்ததற்கு இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு, டிமத்தி கப்ளர், இயன் லார்கின், லமார் பியர்ஸ் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட சலவைத் தொழிற்கூட ஆய்வு. ஒரே நிறுவனத்தின் ஐந்து கூடங்களில் ஒன்றில், விடுப்பெடுக்காமல் நேரத்துக்கு வருவோருக்கு விருது அறிமுகமானது. அதுவரை தாமதமாக வந்துகொண்டிருந்தவர்கள் விருதுக்கான தகுதி இருந்த வரையில் நேரத்துக்கு வந்தார்கள். தகுதி போனதும் பழையபடி ஆனார்கள். அது எதிர்பார்க்கக் கூடியதுதான். ஆனால், எந்த விருதும் இல்லாத காலத்திலேயே ஒழுங்காக நேரத்துக்கு வந்தவர்களின் உற்பத்தித்திறன், விருது வந்தபின், 6 முதல் 8 விழுக்காடு வரை சரிந்தது. கூடத்தின் மொத்த உற்பத்தித்திறனும் 1.4 விழுக்காடு குறைந்தது. தாமாகவே செய்துவந்த ஒன்றுக்கு விலை குறிக்கப்பட்டதைக் கண்டபோது, அவர்கள் படித்த செய்தி வேறு: நிர்வாகத்தின் கண்ணில் படுவது கடிகாரம் மட்டுமே, மற்ற உழைப்பு எதுவும் தெரிவதில்லை. நியாயமும் குலைந்ததாக அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பார்க்கப்படுவதற்கு மேலதிகாரியின் கண்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஆடம் கிராண்டும் சக ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நிதி திரட்டுவோரில் ஒரு பிரிவினர், அந்த நிதியால் கல்வி உதவித்தொகை பெற்ற மாணவர் ஒருவரை ஐந்து நிமிடம் சந்தித்துப் பேசினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 விழுக்காடும், திரட்டிய தொகை 171 விழுக்காடும் உயர்ந்திருந்தன. ஒரே இடத்தில் நடந்த சிறிய ஆய்வு என்பதால் எண்களை அப்படியே எங்கும் எதிர்பார்க்கக் கூடாது. எனினும், சந்திப்பின் நோக்கம் ஊக்கவுரை ஆற்றுவதன்று. உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை ஓர் ஆளின் உருவத்தில் அவர்கள் பார்த்தார்கள். கோப்புக்குள் வைக்கப்பட்ட அந்தத் தாளின் இன்னொரு வடிவம் இது.

மறுபக்கம், பார்க்கப்படாத உழைப்பு உடலையும் தொடுகிறது. கொடுக்கும் உழைப்புக்கும் திரும்பக் கிடைக்கும் ஊதியம், மதிப்பு, வேலைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கும் இடையே நெடுங்காலம் ஏற்றத்தாழ்வு நீடித்தால் அது நோயாக முடியும் என்ற கோட்பாட்டை சமூகவியலாளர் யோஹான்னஸ் சீக்ரிஸ்ட் 1990-களில் முன்வைத்தார். ஐரோப்பாவில் 90,164 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வுகளின் தொகுப்பு 2017-இல் வெளிவந்தபோது, இந்த ஏற்றத்தாழ்வு உள்ளவர்களுக்கு இதயத் தமனி நோயின் அபாயம் 16 விழுக்காடு கூடுதலாக இருப்பது தெரிந்தது. புகைப்பழக்கத்தோடு ஒப்பிட்டால் சிறிய அளவுதான். ஆனால் மதிப்பு என்பது அந்தத் தராசின் ஒரு தட்டில் ஊதியத்துக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவு மலிவான ஒன்று ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது? அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018-இல் வெளியிட்ட சோதனைகளில், தமக்கு உதவியவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, பெறுபவர் எப்படி உணர்வார் என்று எழுதியவர்களை ஊகிக்கவும் சொன்னார்கள்; பின்னர் பெற்றவர்களையே கேட்டார்கள். பெற்றவர்களின் மகிழ்ச்சியையும் வியப்பையும் எழுதியவர்கள் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஏற்படும் சங்கடத்தை மட்டும் மிகைப்படுத்தியிருந்தார்கள். பிழையின் வேர் ஓரளவுக்கு இங்கே இருந்தது: எழுதுபவர் தம் சொற்கள் சரியாக அமைந்தனவா, திறமாக எழுதினோமா என்று கவலைப்படுகிறார், படிப்பவரோ எழுதியவரின் சொல்திறனை அவ்வளவாக எடைபோடுவதில்லை, அதிலுள்ள கனிவையே பார்க்கிறார்.