தோட்டா வாங்கும் முன் குழலில் உள்ள எழுத்தைப் படியுங்கள்

போன நவம்பரில், மான் வேட்டைப் பருவம் தொடங்க நான்கே நாள் இருக்கும்போது, ஒருவர் தன் தாத்தாவின் வின்செஸ்டர் 94 துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். 25 கஜத்தில் வைத்துச் சுட்டாலும் குறி எங்கெங்கோ போகிறது, குழல் தேய்ந்துவிட்டதா என்று கேட்டார். சுட்ட அட்டையையும் வெற்றுத் தோட்டாக் கூடுகளையும் கையோடு எடுத்து வந்தது நல்லதாகப் போயிற்று. அட்டையில் இருந்த துளைகள் வட்டமாக இல்லை. பழைய பூட்டின் சாவித்துளை போல நீளமாக இருந்தன. குண்டு மூக்கை நீட்டிப் போகாமல் பக்கவாட்டில் புரண்டு போயிருக்கிறது. ஒரு கூட்டின் கழுத்து கிழிந்தே இருந்தது. குழலின் மேல் படிந்திருந்த பழைய எண்ணெயைத் துடைத்தேன். '32 வின்செஸ்டர் ஸ்பெஷல்' என்று பொறித்திருந்தது. அவர் வாங்கி வைத்திருந்த பெட்டியோ 30-30 என்ற வேறொரு தோட்டா.

இரண்டு தோட்டாவும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் 30-30-யின் குண்டு 0.308 அங்குலம், 32 ஸ்பெஷலின் குண்டு 0.321 அங்குலம். அந்த இடைவெளி போதும், குண்டு தன்னைச் சுழல வைக்கும் குழலின் வரிப்பள்ளங்களைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போக. இந்தத் தோட்டாவோடு அவர் காட்டுக்குப் போயிருந்தால் ஒரு மான் வயிற்றில் அடிபட்டு ஓடி, எங்கோ புதரில் இரண்டு நாள் கிடந்து செத்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது.

மேற்குப் பென்சில்வேனியாவில் துப்பாக்கி பழுதுபார்ப்பது என் தொழில். இங்கே வந்து குடியேறிய நம் ஆட்களும் இப்போது பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து, பயிற்சி முடித்து, உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறார்கள். வின்செஸ்டர் 94 போல, விசையைச் சுற்றியுள்ள கைப்பிடியை இறக்கி ஏற்றித் தோட்டா ஏற்றும் லீவர் துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தத் தோட்டா நல்லது?" என்றுதான்.

சுருக்கமாகச் சொன்னால், 30-30. வெடிமருந்துப் புகையில் கண் எரிந்துகொண்டிருந்த காலம் போய், 1895-இல் புகையில்லா மருந்தோடு வந்த தோட்டா அது. 150 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு நொடிக்கு சுமார் 2,390 அடி வேகத்தில் கிளம்பும். இங்குள்ள காடுகளில் மான் கண்ணில் படுவதே பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான். அந்தத் தூரத்தில் வெண்வால் மானின் நுரையீரலைத் துளைக்க இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ஆனால் 100 கஜத்துக்குக் குறி வைத்த துப்பாக்கியில் 200 கஜத்தில் சுட்டால் குண்டு சுமார் 8 அங்குலம் கீழே போய்விடும். அவ்வளவு தூரத்தில் நிற்கும் மானை விட்டுவிடுங்கள்.

35 ரெமிங்டன் 1906-இல் வந்தது. 200 கிரெய்ன் குண்டு, அகலமான காயம், நெருக்கமான காட்டுக்கு அருமையான தோட்டா. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஆனால் கடையில் கிடைப்பது குதிரைக் கொம்பு. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

45-70-தான் என்னைக் கவலைப்பட வைப்பது. பெரிய தோட்டா என்றால் மான் நிச்சயம் விழும் என்று நினைத்து வாங்குகிறார்கள். அதன் உதை தோளில் விழுந்த பிறகு, அடுத்த முறை விசையை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இந்தத் தோட்டா 1873-இல் ஸ்ப்ரிங்ஃபீல்ட் டிராப்டோர் என்ற ராணுவத் துப்பாக்கிக்காக, அழுத்தம் குறைவான பழைய கருமருந்தோடு பிறந்தது. இன்றைய மார்லின் 1895 போன்ற வலுவான துப்பாக்கிகளுக்கென்றே அதிக அழுத்தத்தில் செய்த 45-70 தோட்டாக்களும் கடையில் கிடைக்கின்றன. பெயரும் அளவும் ஒன்றே, உள்ளே நுழையவும் செய்யும். பழைய டிராப்டோரில் அதைப் போட்டால் துப்பாக்கி உங்கள் முகத்துக்கு முன்னால் வெடித்துச் சிதறலாம். பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் எச்சரிக்கை போட்டிருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியுங்கள்.

அப்புறம், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின். வின்செஸ்டர் 94, மார்லின் 336 இரண்டிலும் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒரு குண்டின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரை, அதாவது அடியில் அடிபட்டால் பற்றிக்கொள்ளும் மூடியை, முட்டிக்கொண்டிருக்கும். அந்த மூக்கு கூராக இருந்தால், சுடும்போது வரும் உதையில் அதுவே ஊசியாகக் குத்தி, குழாய்க்குள்ளேயே தோட்டா வெடிக்கலாம். அந்தக் குழாயின் மேல்தான் உங்கள் இடது கை இருக்கிறது. அதனால்தான் தட்டை மூக்குக் குண்டுகள். ரப்பர் போல வளையும் முனை வைத்து ஹார்னடி செய்யும் லெவரெவல்யூஷன் தோட்டாக்களையும் போடலாம். சவேஜ் 99-இல் சுழல் மேகசின், பிரவுனிங் பி.எல்.ஆரில் பெட்டி மேகசின். அவற்றில் கூர்மூக்குக் குண்டால் தொல்லை இல்லை.

ஓஹியோவில் இருந்து எல்லை தாண்டி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மானுக்கு ரைஃபிள் என்றால் கூடு நேராக இருக்கும் தோட்டாதான் செல்லும். கழுத்து ஒடுங்கிய 30-30-ஐ அங்கே எடுத்துப் போக முடியாது. 44 மேக்னம், 45-70 சரி.

கடைசியாக, தோட்டாவை வெளியே எடுக்கும் நேரம். வின்செஸ்டர் 94 போல ஹாமர் (தோட்டாவைச் சுட அடிக்கும் சுத்தி) வெளியே தெரியும் பழைய லீவர் துப்பாக்கிகளில் தனியாகப் பூட்டுப் பொத்தான் கிடையாது. கட்டைவிரலால் ஹாமரைப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். பனியில் விரல் மரத்துப்போய் நழுவினால் துப்பாக்கி சுட்டுவிடும். வேட்டை முடிந்து களைப்பாக வரும்போதுதான் இப்படி நடக்கும். குழலை எப்போதும் மண்ணை நோக்கியே வைத்திருங்கள். வீட்டில் வெற்றுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, கையுறையோடு, நூறு முறை இறக்கிப் பழகுங்கள்.

அந்தத் தாத்தாவின் துப்பாக்கிக்கு 32 ஸ்பெஷல் பெட்டி ஒன்று தேடிக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. வெள்ளிக்கிழமை மாலை 50 கஜத்தில் மூன்று முறை சுட்டார். மூன்று துளையும் வட்டமாக, உள்ளங்கைக்குள் அடங்கின. கிளம்பும் முன் மறையாத மை பேனா ஒன்று கேட்டு வாங்கி, போர்வையின் ஓரத்தில் '32 ஸ்பெஷல்' என்று பெரிதாக எழுதிக்கொண்டார். அடுத்த வருடம் மகன் எடுத்துப் போவானாம்.