மரக் கேட் லேசானது என்று யார் சொன்னது?

போன வாரம் நாகர்கோவிலை அடுத்த ஒரு வீட்டுக்குப் போனேன். கேட்டின் ஒரு கதவு முற்றத்தில் மல்லாந்து கிடந்தது. மேல்கீல் தூணிலிருந்து நான்கு செங்கல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. பாட்டியம்மாவின் கணுக்காலில் மாவுக்கட்டு. பால் பாக்கெட் எடுக்கத்தான் போனாராம். கதவு ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதக் கை வரவில்லை.

இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாவது கேட் இது. மூன்றிலும், பழைய இரும்புக் கேட்டைக் கழற்றிவிட்டு அதே தூணில் தேக்குப் பலகைக் கேட்டை மாட்டியிருந்தார்கள். தூணை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டால் மூன்று வீட்டிலும் ஒரே பதில்: "இரும்பையே தாங்கிய தூண் சார், மரத்தைத் தாங்காதா?"

தாங்காது. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதியாவது பார்க்கிறேன். ஒரே அளவுக் கட்டியாக எடுத்து வைத்தால் இரும்பு தேக்கைவிடச் சுமார் 12 மடங்கு கனம். உண்மைதான். ஆனால் ஒன்றரை அங்குல கனத்துக்கு இரும்பை வார்த்து யாராவது கேட் செய்கிறார்களா? 1.6 மில்லிமீட்டர் தகட்டில் செய்கிறோம். பலகையோ ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். 6 அடி அகலம், 5 அடி உயரமுள்ள ஒரு கதவுக்குக் கணக்குப் போடுங்கள். தகடு ஏறக்குறைய 35 கிலோ. காய்ந்த தேக்குப் பலகை ஏறக்குறைய 70 கிலோ. இரண்டு மடங்கு! தகடு இல்லாத வெறும் கம்பிக் கேட் என்றால் வித்தியாசம் இன்னும் கூடும். இது காய்ந்த மரத்தின் கணக்கு. எங்கள் மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. நனைந்த பலகையின் எடையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பலகையோடு சட்டம், தாழ்ப்பாள் எல்லாம் சேர்ந்து ஒரு கதவு 95 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கீல்களுக்கு நடுவே 4 அடி இடைவெளி இருந்தால், மேல்கீல் தூணைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை 70 கிலோவுக்கு மேல். இரவும் பகலும், கேட் சும்மா மூடியிருக்கும்போதும் இந்த இழுப்பு உண்டு. 25 கிலோ எடையுள்ள பிள்ளை கதவின் கடைசி முனையில் ஏறி நின்று ஆடினால் இன்னும் 37 கிலோ கூடும். கம்பியே போடாத 9 அங்குலச் செங்கல் தூண் இதற்கு என்ன செய்யும், பாவம்.

உடனே அடுத்த வாதம் வரும்: "எங்கள் தாத்தா வீட்டுப் படிப்புரையில் மரக்கதவு நூறு வருடம் நின்றதே?" நின்றது. படிப்புரைக்கு, அதாவது பழைய வீட்டின் வாசல் மண்டபத்துக்கு, மேலே ஓட்டுக்கூரை இருந்தது. மழை கதவைத் தொடவே இல்லை. அந்தக் கதவுக்கு இன்றைய கீலும் கிடையாது. கதவின் குடுமி, அதாவது அடியில் நீட்டியிருக்கும் முளை, கீழே கல் குழியில் உட்கார்ந்திருந்தது. கனமெல்லாம் கல்லுக்கு இறங்கியது, மேல்முனையின் பக்கவாட்டு இழுப்பை மட்டும் நிலை தாங்கியது. அந்தக் காலத்து ஆசாரிக்கு இது தெரிந்திருந்தது. இன்று கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி செய்து தாருங்கள்" என்கிறோம். படத்தில் தூணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியுமா?

காற்றையும் மறக்க வேண்டாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது எத்தனை கேட்டுகள் தூணோடு சாய்ந்தன என்று இங்கே எல்லோரும் பார்த்தோம். மணிக்கு 90 கிலோமீட்டர் காற்றில், இடைவெளியே இல்லாத அந்த 30 சதுர அடிக் கதவின் மேல் விழும் அழுத்தம் 100 கிலோவைத் தாண்டும். வெளியிலிருந்து பார்த்தால் வீடு தெரியக் கூடாது என்று தகட்டாலோ பலகையாலோ முழுக்க அடைப்பவர்கள் கப்பல் பாயைக் கட்டுகிறார்கள்.

அப்படியானால் இரும்புதான் நல்லதா என்றால், அதுவும் என் வாயிலிருந்து வராது. குழாய்ச் சட்டத்தின் அடியில் தண்ணீர் வடியத் துளை போடாமல் விட்டால், பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து துரு தின்றுவிடும். வெல்டிங் ஓட்டையைப் பட்டி வைத்து மூடும் பட்டறைகளும் உண்டு. (பற்றவைத்த இடத்தைப் பெயின்ட் அடிக்கும் முன்பே போய்ப் பாருங்கள். வெல்டர் முறைப்பார், முறைக்கட்டும்.) தூண் விளக்கின் ஒயர் உரிந்து இரும்புக் கேட்டில் பட்டால் அது வேறு ஆபத்து. அந்த விளக்குக்கு மின்சாரம், கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் வர வேண்டும். இதில் பேரம் வேண்டாம்.

மரத்தின் அழகுதான் வேண்டுமா? இரும்புச் சட்டத்தின் மேல் 18 மில்லிமீட்டர் பலகைகளை விரல் இடைவெளி விட்டுப் பதியுங்கள். எடை பாதியாகும், காற்றும் புகுந்து போகும். பலகையின் வெட்டு முனைகளில் எண்ணெயோ வார்னிஷோ ஊற ஊறப் பூசுங்கள், தண்ணீர் முதலில் ஏறுவது அங்கேதான். தரையிலிருந்து இரண்டு அங்குலமாவது மேலே நிற்கட்டும். தூண் கான்கிரீட்டில், நான்கு 12 மில்லிமீட்டர் கம்பியோடு, அஸ்திவாரத்திலிருந்து எழும்ப வேண்டும். கீல் தகட்டை அந்தக் கம்பிகளோடு பற்றவையுங்கள். செங்கல்லில் துளையிட்டு போல்ட் முடுக்குவதாகச் சொன்னால் அவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். கனமான கதவென்றால் அடியில் பேரிங் வைத்த முளை கொடுங்கள். தாத்தா வீட்டுக் குடுமியின் பேரப்பிள்ளை அது. தள்ளு கேட் வைத்திருப்பவர்கள் தண்டவாளத்தின் இரண்டு முனையிலும் தடுப்பு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தடுப்பைத் தாண்டி ஓடிய கேட் பிள்ளைகள் மேல்தான் சாய்கிறது.

பாட்டியம்மா வீட்டுத் தரையில், கேட் உரசி உரசி ஒரு அரைவட்டக் கோடு விழுந்திருந்தது. எட்டு மாதமாக அந்தக் கோடு இருந்ததாம். கதவு தொங்குகிறது என்று கண்டும், ஆளைக் கூப்பிட்டுத் தரையைக் கொத்தியிருக்கிறார்கள்! உங்கள் வீட்டில் அப்படி ஒரு கோடு இருந்தால், தயவுசெய்து இன்று மாலையே பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கதவின் முனையை ஒரு கையால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். கீலோடு தூணும் அசைந்தால் கதவைக் கழற்றிச் சுவரோரம் படுக்க வைத்துவிட்டு மேஸ்திரிக்குப் போன் செய்யுங்கள். ஒரு வாரம் வாசலில் கயிறு கட்டியிருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.