மட்கார்டு விரிசலை எது மூடும்?

பைக்கின் முன்சக்கர மட்கார்டில் விரிசல் பெரும்பாலும் போல்ட் துளையின் ஓரத்தில்தான் தொடங்குகிறது. போல்ட்டை அளவுக்கு மீறி முடுக்கியிருந்தாலோ, எஞ்சினின் அதிர்வு அந்த ஓரத்தையே ஓயாமல் அசைத்துக்கொண்டிருந்தாலோ, முடியளவு கோடு ஒன்று தோன்றி நாளடைவில் விரல் நீளத்துக்கு ஓடிவிடும். அதன்மேல் சூப்பர் குளூவைத் தடவுவோர் பலர். பிளாஸ்டிக்கின் வகையைப் பார்க்காமல் ஒட்டுவதால்தான் அடுத்த வேகத்தடையிலேயே அது விட்டுப்போகிறது.

பல மட்கார்டுகள் ஏபிஎஸ் அல்லது பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் வகைகளால் வார்க்கப்படுகின்றன. உட்புறச் சேற்றைக் கழுவினால் வகையைக் குறிக்கும் எழுத்துகள் பெரும்பாலும் தென்படும். தென்படாவிட்டால், பெயின்ட் சுரண்டிய சில்லு ஒன்றைத் தண்ணீரில் போடலாம்: தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், சுமார் 0.9 உள்ள பாலிபுரொப்பிலீன் மிதக்கும், 1.05 உள்ள ஏபிஎஸ் மூழ்கும். டால்க் தூள் கலந்த பாலிபுரொப்பிலீனும் சில வேளை மூழ்கும் என்பதால், ஒரு சொட்டு அசிட்டோனையும் வைத்துப் பார்ப்பது நல்லது. ஏபிஎஸ் மட்டுமே பிசுபிசுக்கும்.

ஒட்டுவதற்கு முன் விரிசலை நிறுத்த வேண்டும். நுனி கூர்மையாக ஆக அங்கே குவியும் தகைவும், அதாவது ஓரலகுப் பரப்பில் பொருள் தாங்கும் விசையும், கூடுகிறது என்பதைப் பிரிட்டிஷ் பொறியாளர் சார்லஸ் இங்லிஸ் 1913-இல் கணக்கிட்டுக் காட்டினார். 20 மி.மீ. நீள விரிசலின் நுனி ஆரம் 0.05 மி.மீ. என்று கொண்டால், அவருடைய சூத்திரப்படி தகைவு ஏறத்தாழ 41 மடங்காகிறது. அந்த நுனியில் 3 மி.மீ. துளையிட்டு அதை வட்டமாக்கிவிட்டால் சுமார் 8 மடங்குக்கு இறங்குகிறது. பலரும் தவிர்க்கும் இந்தச் சிறு துளையைத்தான் முழு வேலையிலும் முக்கியமானதாக நான் கருதுகிறேன். மட்கார்டை இலேசாக வளைத்துப் பார்த்து, விரிசலின் உண்மையான முடிவைக் கண்டுபிடித்த பிறகே துளையிட வேண்டும்.

ஏபிஎஸ் என்றால், அதே வகைப் பிளாஸ்டிக்கின் சில்லுகளை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கி, விரிசலை ஆங்கில வி வடிவில் சீவி, அதில் நிரப்பலாம். அசிட்டோன் புகுந்ததும் இரு விளிம்புகளின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் தளர்ந்து, கூழின் சங்கிலிகளோடு பின்னிக்கொள்கின்றன. அசிட்டோன் ஆவியானதும் அந்தப் பின்னல் அப்படியே இறுகுகிறது. உட்புறத்தில் ஃபைபர் கிளாஸ் வலையைப் பதித்து, ஒரு முழு நாளாவது காயவிட வேண்டும். அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால், நெருப்பில்லாத திறந்தவெளியில்தான் இதைச் செய்யலாம்.

பாலிபுரொப்பிலீனில் இந்த வழி பலிக்காது. அதன் மேற்பரப்பு, மெழுகைப் போல, பசையைப் பரவவே விடுவதில்லை. அசிட்டோனும் அதைக் கரைப்பதில்லை. அங்கே சங்கிலிகளைப் பின்னவைக்க வெப்பம் ஒன்றுதான் உண்டு. சுமார் 165 டிகிரி செல்சியஸில் உருகும் அதனைச் சால்டரிங் அயர்னால் இளக்கி, அதே பிளாஸ்டிக்கின் கீற்றையும் உருக்கிச் சேர்த்து, உட்புறத்தில் எஃகு வலையை அழுத்திப் பதிக்க வேண்டும். புகை எழுந்தால் சங்கிலிகள் அறுபடுகின்றன என்று பொருள். உடனே சூட்டைக் குறைக்க வேண்டும்.

மீண்டும் பூட்டும்போது போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வாஷர் ஒன்றை வைத்து, மட்கார்டு ஆடாத அளவுக்கு மட்டும் முடுக்கினால் போதும்.