ஃபியார்டுன்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்லலாம்?

நார்வே போட்டோக்கள்ல பார்த்திருப்பீங்க, ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை, நடுவுல ஆறு மாதிரி நீளமா தண்ணி, அதுல பெரிய கப்பலே சாதாரணமா போகும். அது ஆறும் இல்ல ஏரியும் இல்ல, மலைக்குள்ள நுழைஞ்சு வந்த கடல். அதுதான் ஃபியார்டு.

இது நார்வே சொல். பழைய நார்ஸ் மொழியில இருந்து வந்தது, அடிவேர் "கடந்து போறது"ங்கிற பொருள்ல இருக்கு. இங்கிலீஷ்ல படகைச் சொல்ற ஃபெர்ரி, ஸ்காட்லாந்துல இதே மாதிரி கடல் நுழைவைச் சொல்ற ஃபர்த், எல்லாம் ஒரே குடும்பம். அதாவது பேரு வச்சவங்க படகுல போறவங்க, அவங்க கணக்குல இது ஒரு நீர்வழி, அவ்வளவுதான். பேருக்குள்ள பனி எங்கயும் இல்ல. அதனாலதான் நார்வேல டீரிஃபியார்டன்னு ஒரு நன்னீர் ஏரிக்குக்கூட இந்தப் பேரு இருக்கு. பனியாறு, அதாவது மலையில இருந்து மெதுவா நகர்ந்து இறங்குற பெரிய ஐஸ் திரள், குடைஞ்ச பள்ளத்தாக்குல கடல் புகுந்தா மட்டும்தான் ஃபியார்டுன்னு பொருளைச் சுருக்கினது புவியியல்காரங்க.

அந்தக் குடையுற விஷயம்தான் இதுல முக்கியம். ஆறு எவ்வளவு வேகமா ஓடினாலும் கடல் மட்டத்துக்கு ரொம்பக் கீழ வெட்டாது, கடலைத் தொட்டதும் வேகம் செத்துடும். பனியாறு அப்படி இல்ல, பல நூறு மீட்டர் கனமான ஐஸ், தண்ணியில மிதக்க ஆரம்பிக்கிற வரைக்கும் தன் மொத்த எடையோட தரையில உக்காந்து நகரும். அடியில உருகுற தண்ணி பாறை விரிசல்ல இறங்கி மறுபடி உறைஞ்சு பாறையைப் பேத்து எடுக்கும், பேத்த கல்லு ஐஸோட அடியில ஒட்டிக்கிட்டு உப்புத்தாள் மாதிரி தரையைத் தேய்க்கும். நார்வே பாறைகள்ல இன்னிக்கும் ஒரே திசையில நீள நீளமா கீறல் தெரியும், ஐஸ் எந்தப் பக்கமா போச்சுன்னு அதை வச்சே சொல்லிடலாம். ஆறு வெட்டின V வடிவப் பள்ளம் இப்படித்தான் U வடிவமா ஆகுது.

நார்வேல இருக்கிற சோக்னே ஃபியார்டை எடுத்துக்கோங்க, 200 கிலோமீட்டருக்கு மேல நீளம், உள்ள ஆழம் 1300 மீட்டரைத் தாண்டும், ஆனா கடலோட சேர்ற வாசல்ல 200 மீட்டர்கூட இல்ல. ஏன்னா வாசல்கிட்ட வந்ததும் ஐஸ் பரந்து மெலிஞ்சு, குடையுற பலம் போயிடுச்சு. வெளிய ஆழம் கம்மி, உள்ள ஆழம் அதிகம், இது ஆறு செய்யவே முடியாத வேலை. பக்கத்துல இருந்து வந்து சேர்ந்த சின்ன பனியாறுகளால அவ்வளவு ஆழம் வெட்ட முடியல, அதனால அந்தப் பள்ளத்தாக்குகள் மேலயே தொங்கி நிக்குது, நார்வேயோட இன்னொரு ஃபியார்டான கெய்ராங்கர்ல தண்ணி அருவியா கொட்டுறது அப்படிப்பட்ட இடங்கள்ல இருந்துதான்.

சரி, தமிழ்ல? நுழைகழின்னு ஒரு சொல் இருக்கு. "நுழை" அருமையா பொருந்துது, கடல் உள்ள நுழைஞ்சதுதானே. "கழி"தான் எனக்கு உறுத்துது, நம்ம நெய்தல் நிலத்துக் கழின்னா நெய்தல் பூக்குற, ஆழம் கம்மியான உப்புத்தண்ணி, 1300 மீட்டரை அதுல அடக்க முடியாது. பனியாற்றுக் குடான்னு சொன்னா எது குடைஞ்சதுன்னு கேட்டதும் புரியும், என் ஓட்டு அதுக்குத்தான். பனிப்பாறைக் குடான்னு மட்டும் எழுதாதீங்க, பத்திரிகைகள்ல பனியாறு, பனிப்பாறை ரெண்டையும் போட்டுக் குழப்புறாங்க, நகர்ந்து குடையுறது பனியாறு, கடல்ல உடைஞ்சு மிதக்கிறதுதான் பனிப்பாறை.

பேரை மட்டும் நம்பவும் கூடாது. நியூசிலாந்தோட மில்ஃபோர்டு சவுண்டு, இங்கிலீஷ்ல குறுகலான கடல் நீர்ப்பரப்பைச் சொல்ற சவுண்டுன்னு பேரு இருந்தாலும் அசல் ஃபியார்டுதான், பனியாறு குடைஞ்சது.